செய்மதியின் கண்ணுக்குத் தப்பும் கிணறுகள்

ஆடி மாதத்தில், மழை கண்டு மாதக்கணக்கான பின்பும், யாழ்ப்பாணக் குடாநாட்டு வலிகாமத்துச் செம்மண்ணில் வாழையும் மரக்கறியும் பச்சைப்பசேலென்று நிற்கும். செய்மதிப் படத்தில் பார்ப்பவர் இந்தப் பிரதேசம் நல்ல சுகமாக இருக்கிறது என்றுதான் சொல்வார். எனக்கு அந்தப் பச்சையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஓரிடத்து உயிர்களும் மண்ணும் நீரும் சேர்ந்த சூழற்றொகுதியின் நலத்தைப் பெரும்பாலும் மூன்றை வைத்து அளக்கிறார்கள்: வீரியம், அதாவது செடிகொடியின் செழிப்பு; அமைப்பு; அடிபட்டபின் மீளும் திறன். இலகுவாக அளக்கக்கூடியது வீரியம். இலை சிவப்பொளியை உறிஞ்சும். அண்மை அகச்சிவப்பைத் தெறிக்கவிடும். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைச் சுட்டி கிடைக்கும். லாண்ட்சற் செய்மதிகள் 1982 முதல் 30 மீற்றர் கட்டங்களாக இதற்கான படங்களை எடுத்துவருகின்றன. பனங்கூடலும் வயலும் கண்டலும் எப்படித் துண்டுபட்டுக் கிடக்கின்றன என்பது அமைப்பு.

பசுமை மாறினால் காரணம் மழையா, மனிதரா? ஓர் ஆண்டின் மழைக்கு எவ்வளவு பசுமை வரவேண்டும் என்று பழைய தரவுகளிலிருந்து கணித்து, உண்மையில் வந்ததிலிருந்து அதைக் கழிப்பார்கள். மிச்சம் ஆண்டாண்டாய் ஒரே பக்கம் நகர்ந்தால் மழைமேல் பழிபோட முடியாது. ஆனால் 1990 இல் சனம் இடம்பெயர்ந்தபின் பற்றை மண்டிய வலிகாமம் வடக்குத் தோட்டக்காணிகூட இந்தக் கணக்கில் முன்னேற்றமாகத் தெரியலாம்!

மெய்யான கணக்கு நிலத்துக்குக் கீழே இருக்கிறது. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில், மாரிமழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. உவர்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நிற்கும். இதையே திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாகத் தாழ்ந்தால், உவர் காலப்போக்கில் 4 மீற்றர் மேலேறும். நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்தான். போதாக்குறைக்கு, பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நைத்திரேற்று இறங்குகிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கோடைப் பச்சை இந்த நீரைக் குடித்துத்தான் நிற்கிறது.

ஆகவே பசுமைச் சுட்டியோடு கிணற்றுநீரின் மின்கடத்துதிறனையும் சேர்த்து வாசிக்க வேண்டும். உப்புக் கூடினால் அதுவும் கூடும். ஒரே கிணற்றில், மாரிக்கு முன் புரட்டாதியில் ஒருமுறை, மாரி முடிந்து தையில் இன்னொருமுறை அளந்தால், மூன்றாவது அளவான மீளும் திறனும் அகப்படும். நல்ல மழை பெய்தும் தை மாத அளவு வருடா வருடம் ஏறிக்கொண்டு போனால், மேலே தோட்டம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்த இடம் நலிந்துகொண்டுதான் இருக்கிறது.