பணியில் இறந்த ஆம்புலன்ஸ் பணியாளர்: அமெரிக்க அரசின் நலத்தொகை யாருக்குக் கிடைக்கும்?

வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டனில் மீட்புக் குழு ஒன்றில் வேலை பார்த்தவர் டேல் லாங். 2009 ஜூனில், பணியில் இருந்தபோதே ஆம்புலன்ஸ் விபத்தில் இறந்தார். போலீஸ்காரரோ தீயணைப்பு வீரரோ இப்படி இறந்தால் குடும்பத்துக்கு மத்திய அரசு பெரிய தொகை ஒன்றைத் தரும். டேல் லாங் குடும்பத்துக்கு அது கிடைக்கவில்லை. அவருடைய குழு அரசுத் துறை இல்லை, லாபநோக்கற்ற தனி அமைப்பு. தடையாக இருந்தது அவ்வளவுதான்.

அந்தத் தொகைக்கான ஏற்பாட்டின் பெயர் பொதுப் பாதுகாப்பு அலுவலர் நலத்திட்டம். 1976இல் வந்தது. நீதித் துறையின் கீழுள்ள நீதி உதவிப் பணியகம் நடத்துகிறது. அரசு ஆம்புலன்ஸ் குழுவினர் உள்ளே வரவே 1986 வரை ஆனது. டேல் லாங் இறந்த பிறகு வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லேஹி சட்டத்தைத் திருத்தப் போராடினார். அந்தத் திருத்தம் டேல் லாங்கின் பெயரிலேயே 2013 ஜனவரியில் சட்டமானது. 2009 ஜூன் 1 முதல் நேர்ந்த சம்பவங்களுக்கும் அது பொருந்தும் என்று எழுதிவைத்தார்கள். அந்தத் தேதி எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, இன்றைய நிலை என்ன? மாநிலமோ ஊராட்சியோ நடத்தும் ஆம்புலன்ஸில் இருப்பவருக்குத் தகுதி உண்டு. உரிமம் பெற்று, ஊரின் அவசர உதவி ஏற்பாட்டில் அங்கமாக இயங்கும் லாபநோக்கற்ற குழுவில் இருப்பவருக்கும் உண்டு. சம்பளமே வாங்காத தன்னார்வலருக்கும் அதே தொகைதான். லாபத்துக்காக நடக்கும் தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் ஊழியர் மட்டும் இன்னமும் வெளியே நிற்கிறார். அதே அழைப்புக்கு ஓடி, அதே சாலையில் இறந்தாலும் அவர் குடும்பத்துக்கு இதில் பங்கில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

தொகை ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும். 2024 அக்டோபரில் தொடங்கிய நிதியாண்டுக்கு அது 4,48,575 டாலராக இருந்தது. மொத்தமாக ஒரே தடவையில் தருவார்கள், வருமான வரி இல்லை. மனைவி அல்லது கணவரும் பிள்ளைகளும் இருந்தால் பாதி துணைக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இல்லையென்றால் முழுவதும் துணைக்கே. இருவருமே இல்லாவிட்டால் அவர் எழுதிவைத்த வாரிசுதாரர், அப்புறம் பெற்றோர் என்று வரிசை நீளும். படிப்புக்கான உதவித்தொகை தனி. அதைப் பிள்ளைகள் மட்டுமல்ல, துணையும் கேட்கலாம்.

விபத்தில்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. கனமான ஆளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிய பாராமெடிக்குக்கு அன்றிரவு வீட்டில் மாரடைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கத்துக்கு மாறான கடும் உழைப்போ நெருக்கடியோ முடிந்து 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ தாக்கி இறந்தால், பணியில் இறந்ததாகவே எடுத்துக்கொள்ளும் விதி 2003 சட்டத்தில் வந்தது. எதிரான மருத்துவச் சான்று இருந்தால்தான் அது மாறும். பணியில் கண்ட கொடுமைகளின் மன பாதிப்பால் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பத்துக்கும் 2022 சட்டம் வழி திறந்தது. அதற்கு முன் தற்கொலை என்றாலே பெரும்பாலும் மறுப்புதான். வேண்டுமென்றே செய்த தவறு மரணத்துக்குக் காரணமாக இருந்தாலோ, சம்பவ நேரத்தில் அவர் குடிபோதையில் இருந்தாலோ, மிக மோசமான அலட்சியத்தோடு பணி செய்துகொண்டிருந்தாலோ பணம் கிடைக்காது.

விண்ணப்பத்துக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்றைக் குடும்பமும், மற்றொன்றை அவர் வேலை பார்த்த அமைப்பும் நிரப்ப வேண்டும். இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ரத்தத்தில் போதைப்பொருள் பரிசோதனை முடிவு, சம்பவ அறிக்கை எல்லாம் கேட்பார்கள். அதனால் சம்பவ நாளின் அழைப்புப் பதிவையும் பணி அட்டவணையையும் சக ஊழியர்கள் உடனே பத்திரப்படுத்துவது நல்லது. மாரடைப்பு வழக்குகளில் அந்த 24 மணி நேரக் கணக்கு இவற்றை வைத்துத்தான் போடப்படும். இறந்த நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீடு ஏற்கனவே வந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் விட்டுவிடுவதுண்டு. அது வேறு, இது வேறு. இரண்டையும் வாங்கலாம்.