பவர் பார்த்தாயிற்று, கண்ணைப் பார்த்தாயிற்றா?

அண்மையில் என்னிடம் வந்தவருக்கு வயது 46. மைனஸ் 7 பவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் கண்ணாடி மாற்றிவருவதாகச் சொன்னார். எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் பிழையின்றிப் படித்தார். ஆனால் பக்கவாட்டுப் பார்வையை அளந்தபோது, இரு கண்களிலும் நடுப்பகுதி மட்டுமே எஞ்சியிருந்தது. முற்றிய க்ளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு சிதையும் நோய். தந்தைக்கும் 'கண்ணில் பிரஷர்' இருந்ததாம். கண்ணாடிக் கடையில் அதை எவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் தாடையை வைத்து, தொலைவில் தெரியும் பலூன் படத்தைப் பார்க்கச் சொல்கிறார்களே, அந்தக் கருவி கூறுவது ஒன்றே ஒன்றுதான்: ஒளி விழித்திரையில் சரியாகக் குவிய ஏறத்தாழ எவ்வளவு பவர் தேவை என்பது. அதைக்கூட லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சரிபார்த்த பிறகே சீட்டில் எழுத வேண்டும். பார்வை நரம்பு நலமாக இருக்கிறதா, விழித்திரையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. க்ளாக்கோமாவில் பெரும்பாலும் வலியும் இருப்பதில்லை, சிவப்பும் இருப்பதில்லை. நடுப்பார்வை நெடுநாள் தெளிவாகவே இருக்கும். எனவே 6/6, அதாவது எழுத்துப் பலகையில் இயல்பான பார்வைக்கான வரியை, படித்துவிட்டதால் கண்ணில் நோயே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை என்ற வழக்கமான அளவுக்குள் இருக்கும்போதே நரம்பு கெட்டுப்போனவர்களும் உண்டு. ஆகையால் அழுத்தத்தை அளப்பதோடு நரம்பையும் நேரில் பார்த்தாக வேண்டும். போன பார்வையை எங்களால் மீட்டுத்தர முடியாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து.

பவர் மாறுவதே சில வேளைகளில் நோயின் அறிகுறி. அறுபது வயதுக்கு மேல் திடீரென்று கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்க முடிகிறது என்று மகிழ்பவர்கள் பலருக்குக் கண்புரை வளர்ந்துகொண்டிருக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது எடுத்த பவருக்குக் கண்ணாடி செய்தால், சர்க்கரை இறங்கியதும் அது பயன்படாமல் போகலாம்.

கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து என்றாலே பலர் தயங்குகிறார்கள். சில மணிநேரம் அருகில் உள்ளவை மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும், அவ்வளவுதான். மைனஸ் 6-க்கு மேற்பட்டவர்களுக்கு விழித்திரையின் ஓரம் இழுபட்டு மெலிந்திருக்கக்கூடும். அங்குள்ள கிழிசலை முன்கூட்டியே கண்டால் லேசர் மூலம் அடைத்துவிடலாம். மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுவது போலவோ, திரை விழுவது போலவோ தோன்றினால் அன்றைக்கே வாருங்கள். குழந்தைகளுக்கோ, முதல்முறை கண்ணாடி எழுதும்போது இந்த மருந்து அவசியம். இல்லாவிட்டால் இல்லாத மைனஸும் கருவியில் பதிவாகலாம்.

கான்டாக்ட் லென்ஸ் அணிவோரிடம் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கண்ணாடிச் சீட்டிலுள்ள எண்ணை வைத்து இணையத்தில் லென்ஸ் வாங்காதீர்கள். 4-க்கு மேற்பட்ட பவரில் இரண்டின் எண்களும் வேறுபடும், லென்ஸின் வளைவும் உங்கள் கருவிழிக்குப் பொருந்த வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அதில் வாழக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியில் புகுந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். லென்ஸோடு தூங்காதீர்கள், குளிக்காதீர்கள். டப்பாவில் மிச்சமிருக்கும் சொல்யூஷன்மேல் புதியதை ஊற்றாதீர்கள். கண் சிவந்து வலித்தால் லென்ஸை உடனே கழற்றுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால், சில நாட்களிலேயே கருவிழியைத் துளைத்துவிடக்கூடிய கிருமிக்கு நீங்களே வழிவிட்டதாகும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் எடுத்து வாருங்கள். கிருமியைக் கண்டறிய அவை உதவும்.

சர்க்கரை நோயாளிகளும், அதிக மைனஸ் உள்ளவர்களும், லென்ஸ் அணிபவர்களும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ க்ளாக்கோமா உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாற்பதைக் கடந்த மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் தேவை. குடும்பத்தில் கண்நோய் இருந்தால், மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகளைக் கையோடு கொண்டுவாருங்கள். தயவுசெய்து, திரும்பிப் போகும்போது வண்டி ஓட்ட ஒருவரையும் அழைத்து வாருங்கள்.