தளர்ந்த போல்ட்தான் உடையும்

பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில், இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இன்ஜின் மவுண்ட் போல்ட் ஒன்று உடைந்துவிட்டால், பலரும் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு அதைவிடக் கெட்டியான ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அந்தத் துண்டை எறியக் கூடாது. துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், உடைந்த முகத்தில் இரண்டு பகுதிகள் தெரியும். ஒன்று வழுவழுப்பாக, அலை வந்து போன ஈர மணலைப் போல வளைவு வளைவான மெல்லிய கோடுகளுடன் இருக்கும். மற்றது சொரசொரப்பாக, உடைத்த கற்கண்டைப் போல மினுக்கும். விரிசல் மெல்ல மெல்ல ஊர்ந்த பாதைதான் அந்த வழுவழுப்பு. மிச்சமிருந்த உலோகம் தாங்காமல் ஒரே கணத்தில் அறுந்த இடம் சொரசொரப்பு.

வழுவழுப்பு முகத்தின் முக்கால்வாசியைப் பிடித்திருந்தால், கடைசியில் அந்தப் போல்டை அறுத்த சுமை சிறியது என்று பொருள். முழு போல்ட் அதைப் பலமடங்கு தாங்கியிருக்கும். சிறு சுமை திரும்பத் திரும்ப விழுந்தே உலோகம் இப்படி விரிவதற்குப் பெயர் உலோகச் சோர்வு. போல்ட் சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், அது முன்பே தளர்ந்திருந்ததுதான்.

இன்ஜின் எந்தெந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். இந்த வண்டியில் மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற கியர் பெட்டி கிடையாது. இன்ஜின் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு கிளட்ச், அதற்குப் பின்னால் இன்னொரு ஷாஃப்டில் மற்றொரு கிளட்ச், இரண்டையும் இணைக்க ஒரு அகன்ற வி பெல்ட். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பெல்ட் இன்ஜினையே பின்னோக்கி இழுக்கிறது. இன்ஜினின் முறுக்குவிசை 140 நியூட்டன் மீட்டர் என்றும், வண்டி கிளம்பும்போது பெல்ட் முன் கிளட்சில் 40 மி.மீ. ஆரத்தில் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பெல்டின் இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள இழுவிசை வேறுபாடு மட்டுமே 3,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 350 கிலோ எடை. அதுவும் ஒரு பக்கமாக, கிளட்ச் இருக்கும் முனையில் விழுகிறது. அந்தப் பக்கத்துப் போல்ட்களுக்குக் கூடுதல் சோதனை இதனால்தான்.

இதோடு அதிர்வும் சேர்கிறது. இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் மணிக்கு 4,80,000 சுற்று. சுற்றுக்கு இரண்டு வெடிப்பு என்றால் மணிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் உதைகள். இரண்டு பிஸ்டன்களும் எதிரெதிராக ஓடுவதால் அவற்றின் முதன்மை விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால், இன்ஜின் துடுப்பைப் போல இடமும் வலமும் ஆடும். ரப்பர் மவுண்ட்கள் இந்த ஆட்டத்தைத் தின்று செரிப்பதற்காக வைக்கப்பட்டவை.

இனி போல்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இறுக்கிய போல்டை ஒரு சுருள்வில்லாக நினைத்துக்கொள்ளுங்கள். எம்10 அளவு (10 மி.மீ. விட்டம்), 8.8 வலுத் தரப் போல்டை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், அது இழுபட்டு ஏறத்தாழ 25,000 நியூட்டன் விசையுடன் மவுண்ட் தட்டையும் இன்ஜினின் அலுமினிய அடிக்கூடான கிராங்க் கேஸையும் சேர்த்து நெரிக்கும். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இந்த நெரிப்பாக மாறுகிறது. மீதியைத் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வே விழுங்கிவிடும்.

இந்த நெரிப்பு இருக்கும்வரை, இன்ஜினின் ஆட்டத்தைத் தாங்குவது தட்டுகளுக்கு இடையிலான உராய்வு. போல்டை விலக்கப் பார்க்கும் விசை 5,000 நியூட்டன் அளவுக்கு ஏறி இறங்கினாலும், அதில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் போல்டுக்குள் நுழையும். நெரிப்பு போய்விட்டால் 5,000 நியூட்டனும் நேராகப் போல்டில் விழும். போதாததற்குத் தட்டு பக்கவாட்டில் வழுக்கிப் போல்டை வளைக்கவும் தொடங்கும். போல்டின் மரை முடிவில்லாமல் தாங்கக்கூடிய தகைவு வீச்சு, அதாவது ஏறி இறங்கும் விசையின் அளவு, 40 முதல் 60 மெகாபாஸ்கல்தான் (சதுர மில்லிமீட்டருக்கு அத்தனை நியூட்டன்). 8.8 போல்டானாலும் அதைவிட வலுவான 12.9 ஆனாலும் இந்த எல்லை பெரிதாக மாறுவதில்லை. வலுவான தரத்தைப் போட்டும் மறுபடி உடைவதன் விளக்கம் இதுதான்: கூடுதல் தரத்தின் பலன், கூடுதலாக இறுக்க முடிவதில் இருக்கிறது, தளர்வாக ஆடும்போது தாங்குவதில் இல்லை. எவர்சில்வர் போலப் பளபளக்கும் துருப்பிடிக்காத போல்ட் இன்னும் மோசம். வழக்கமான ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும், 8.8க்கு அது 640.

பக்கவாட்டு வழுக்கல் வேறொரு கேட்டையும் செய்யும். போல்டைத் தானாகவே கழற்றிவிடும். கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: போல்டின் நீளவாக்கில் ஏறி இறங்கும் சுமையைவிட, குறுக்கே நடக்கும் சிறு வழுக்கல்தான் மரையைச் சுழற்றித் தளர்த்துகிறது. சாதாரண பிளவு ஸ்பிரிங் வாஷர் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

நெரிப்பு முதலில் குறைவது எப்படி? கணக்கு மிக நுண்ணியது. 30 மி.மீ. நீளத்துக்குப் பிடிக்கும் அந்த எம்10 போல்ட் இறுகும்போது வெறும் 0.065 மி.மீ.தான் நீள்கிறது. மவுண்ட் தட்டின் அடியில் பெயின்ட் இருந்து, அது நாளடைவில் 0.02 மி.மீ. நசுங்கினாலே நெரிப்பில் கணிசமான பங்கு காணாமல் போகும். குளிரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். 20 டிகிரியில் இறுக்கிய வண்டி மைனஸ் 30 டிகிரியில் நிற்கும்போது அந்த வேறுபாடு 0.016 மி.மீ. இன்ஜின் சூடானதும் இது திரும்பிவிடும். ஆனால் காலையில் குளிர்ந்து கிடக்கும் வண்டியை முறுக்கி எடுப்பவர், குறைந்த நெரிப்பையும் விறைத்த ரப்பரையும் ஒன்றாகச் சோதிக்கிறார்.

ரப்பர் மவுண்ட் கிழிந்து, அதன் நடுவே உள்ள எஃகுக் குழலும் தேய்ந்திருந்தால், போல்ட் ரப்பரையே நெரிக்கும். ரப்பர் தொடர்ந்து தளர்ந்துகொண்டே இருக்கும் பொருள். எத்தனை முறை இறுக்கினாலும் நிற்காது.

உடைவதற்கு முன் வண்டி சொல்லும். பெல்ட் ஒரு ஓரமாகத் தேயும், கிளட்ச் உறைக்குள் கறுப்புத் தூள் சேரும், ஆக்சிலரேட்டரைத் திறந்ததும் 'டொக்' என்று ஒரு அடி கேட்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு முன் கிளட்சைக் கையால் அசைத்தால் ரப்பரின் மெத்தென்ற நெளிவு மட்டுமே உணரப்பட வேண்டும். இரும்பு இரும்பில் மோதும் சத்தம் வந்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். நகரும் இன்ஜின் காற்று உள்ளே போகும் ரப்பர் குழாயைக் கிழித்தால், அளவுக்கு மீறிய காற்று நுழைந்து எரிபொருள் கலவை மெலியும், பிஸ்டன் உருகும். ஒரு போல்டில் தொடங்கிய கோளாறு இன்ஜினையே கொண்டுபோகும் வழி இது.

உடைந்த மிச்சத்தை எடுப்பதில் பதற்றம் வேண்டாம். விரிசல் பொதுவாக உள்ளே பிடித்திருக்கும் முதல் மரையில் வரும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுமை அந்த ஒரு மரையில்தான். ஆகவே துண்டு துளையின் வாய்க்குச் சற்று கீழே கிடக்கும். நெரிப்பு இல்லாததால் பல சமயம் அது சும்மாவே சுழலும். கூரான ஊசிமுனைக் கருவியை விளிம்பில் வைத்து இடப்பக்கமாகத் தட்டிப் பாருங்கள். அசையாவிட்டால், பெட்ரோல் குழாய்களை அப்புறப்படுத்திவிட்டு, ஹாட் ஏர் கன்னால் அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சீறும் அளவு போதும். பிறகு நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, இடச்சுற்று டிரில் பிட்டால் முதலில் 3, பிறகு 5 மி.மீ. துளையிடுங்கள். பாதி நேரம் பிட்டே துண்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிடும். துளைக்குள் திருகி உடைந்த துண்டைக் கழற்றும் ஈசி அவுட் என்ற கருவி கடைசி வழி. அது கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதைத் தொடாது.

மரை சிதைந்திருந்தால் சுருள்கம்பி மரைச் செருகி போடலாம். அலுமினியத்தில் எம்10 போல்ட் குறைந்தது 15 மி.மீ. ஆழம் பிடிக்க வேண்டும். துளை அடி மூடியதாக இருந்தால் ஆழத்தை அளந்து, போல்டின் முனை அடியைத் தொடாமல் 3 மி.மீ. விடுங்கள். முனை அடியில் முட்டினாலும், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று திருப்தி சொல்லும். தட்டில் நெரிப்பு மட்டும் இருக்காது.

திரும்ப மாட்டும்போது அதே தட்டின் எல்லாப் போல்ட்களையும் மாற்றுங்கள். ஒன்று உடைந்த பிறகு மற்றவை அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்திருக்கின்றன. விரிசல் அவற்றிலும் தொடங்கியிருக்கலாம். தட்டின் அடியிலும் கேஸின் முகத்திலும் பெயின்ட், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. மரையைப் பிரேக் கிளீனரால் கழுவி, நீல நிற நடுத்தர வலு திரெட் லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) இடுங்கள். தலைக்கு அடியில் கடினப்படுத்திய தட்டை வாஷர்.

எல்லாவற்றையும் கையால் மட்டும் திருகிவிட்டு, கிளட்ச் அளவுகோலை வைத்து இரண்டு கிளட்ச்களையும் நேராக்குங்கள். அதன் பிறகே குறுக்கு மறுக்காக, இரண்டு தவணையில், தயாரிப்பாளர் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். இன்ஜின் பின்னோக்கி வருவதைத் தடுக்கும் முறுக்குத் தடுப்பு உள்ள வண்டியில், அதன் இடைவெளியைச் சரிசெய்வது கடைசி வேலை. அது பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மிகையாக விட்டால் இழுப்பு முழுவதும் மறுபடி போல்ட்களுக்கே போகும்.

திரெட் லாக்கர் முழுதும் உறைய 24 மணி நேரம் விடுங்கள். உறைந்த பின் ரெஞ்ச் வைத்துச் சோதித்தால் பிடிப்பு உடையும். அதற்குப் பதிலாக இறுக்கிய உடனே போல்ட் தலையிலிருந்து தட்டு வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகும், அதன் பிறகு பெல்ட் மாற்றும்போதெல்லாமும் அந்தக் கோடு முறியாமல் நேராக இருக்கிறதா என்று ஒரு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.