பந்தின் வேகம் பாதத்தில் பிறக்கிறது

ஒரு ஹேண்ட்பாலை எடுத்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். எதிரே உள்ள சுவரில் முழு பலத்தோடு எறியுங்கள். அடுத்து முட்டி போட்டு எறியுங்கள். அப்புறம் நின்றபடி, கடைசியாக மூன்று அடி ஓடி வந்து. ஒவ்வொரு முறையும் சுவரில் விழும் சத்தம் கூடிக்கொண்டே போகும். கையும் அதேதான், பந்தும் அதேதான். கூடுதல் வேகம் எங்கிருந்து வந்தது?

கைப்பந்து என்று எழுதினால் நம் ஊரில் வாலிபால்தான் நினைவுக்கு வரும் என்பதால் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள களத்தில் பக்கத்துக்கு 7 பேர் ஆடுவது. கோலின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். கோலைச் சுற்றியுள்ள 6 மீட்டர் கோட்டுக்குள் கோல்கீப்பர் மட்டுமே கால் வைக்கலாம். பந்தைப் பிடித்தவர் தரையில் தட்டாமல் 3 காலடிக்கு மேல் போகவும் கூடாது, 3 விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

வேகம் வருவது தரையிலிருந்து. வலக்கைக்காரர் கடைசி அடியில் இடது காலை முன்னால் அழுத்தி ஊன்றுகிறார். ஓடி வந்த உடம்பு கீழே தடைபட, மேல் உடம்பு மட்டும் முன்னே போகிறது. முதலில் இடுப்பு திரும்பும்; அடுத்து நெஞ்சு, தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டும் விரல்களும். ஒன்று தன் வேகத்தின் உச்சத்தைத் தொட்டுத் தளரும்போது அடுத்தது அதை வாங்கிக்கொள்கிறது. துவைக்கிற கல்லில் ஈரத் துணியை அடித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கை நிற்கும் கணத்தில்தான் துணியின் நுனி பறந்து வந்து கல்லில் அறைகிறது. உலகத்தரமான ஆண் வீரர்களின் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிப் பறப்பது இந்த வரிசையால்தான்.

இதில் என்னை மிகவும் கவர்வது தோளில் நடக்கும் வேலை. நெஞ்சு முன்னே திரும்பிவிட்டது, பந்து இன்னும் பின்னாலேயே இருக்கிறது. அந்தக் கணத்தில் முன்கை பின்பக்கமாகச் சாய்ந்து, தோளின் முன்தசைகள் உண்டிவில்லின் ரப்பர் போல இழுபடுகின்றன. இழுபட்ட தசை சுருங்கும்போது மேல்கை உள்பக்கமாகச் சுழல்கிறது, முழங்கை நீள்கிறது. கடைசி நேர வேகத்தில் பெரும் பங்கு இந்த இரண்டு அசைவுகளுக்கு. பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் முழங்கையைத் தோளுக்குக் கீழே தொங்கவிட்டு எறிவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். வேகமும் போகும், நாளடைவில் தோளும் வலிக்கும். எறிந்த கையை நிறுத்த வேண்டியவை தோளின் பின்தசைகள். ரப்பர் பட்டையைக் கட்டி முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பும் பயிற்சி அவற்றுக்காகத்தான். அதைத் தவறவிட்டு ஷூட் மட்டும் பழக்குவது, பிரேக் இல்லாத வண்டிக்கு இன்ஜினை மாற்றுவது போல.

சரி, எகிறிக் காற்றில் இருந்தபடியே எறியும் ஜம்ப் ஷாட்டில் ஊன்றக் காலே இல்லையே? உண்மைதான், அதனால்தான் ஓடி வந்து ஊன்றி எறிவதைவிட அதில் வேகம் சற்றுக் குறைவு. காற்றில் மேல் உடம்பு ஒரு பக்கம் திரும்ப, கீழே ஏதாவது எதிர்ப்பக்கம் போயாக வேண்டும். மடக்கித் தூக்கிய வலது காலைப் பின்னால் உதைப்பது அதற்காகத்தான். வேகத்தில் இழந்ததை உயரத்திலும் நேரத்திலும் எடுத்துக்கொள்கிறார்கள். 45 சென்டிமீட்டர் எகிறினால் சுமார் 0.6 விநாடி காற்றில் இருக்கலாம். அதில் சரிபாதி நேரம் உயரத்தின் மேல் கால்வாசியில், அதாவது உச்சியை ஒட்டிய 11 சென்டிமீட்டருக்குள் கழிகிறது. வீரர் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுவே.

எங்கே எறிவது என்று வீரர் அந்த 0.3 விநாடியில்தான் முடிவெடுக்க வேண்டும். 9 மீட்டரிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கோலைத் தொட 0.32 விநாடி ஆகும். பார்த்து அசையத் தொடங்கவே மனிதருக்கு ஏறத்தாழ 0.2 விநாடி வேண்டும். ஆகவே கோல்கீப்பர் உடலைப் படித்து முன்கூட்டியே ஊகிக்கிறார். இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு: ஷூட் அடிப்பவர் எகிறிய பிறகு, கோலில் நிற்பவர் ஒரு கையைத் தூக்குவார், பந்து மறுபக்கம் போக வேண்டும். முதல் நாள் பாதிப் பந்துகள் வெளியே போகும். பரவாயில்லை.

பாஸ் வாங்குவதில் இதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது. ஆண்கள் பந்தின் எடை 425 முதல் 475 கிராம். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் 450 கிராம் பந்தை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், கையில் சராசரியாக 100 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். கையை 20 சென்டிமீட்டர் பின்னே வாங்கிப் பிடித்தால் 25 கிலோதான். பின்னே வந்த கை எறியும் நிலைக்குப் பாதி வழி வந்தும் விடுகிறது. நின்ற இடத்தில் இருவர் மாற்றி மாற்றி எறிந்துகொள்ளும் பயிற்சி கையைச் சூடாக்க மட்டுமே உதவும். இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நோக்கி ஓடிக்கொண்டே வாங்கி, ஓட்டம் குறையாமல் பக்கத்தவருக்குத் தரப் பழகுவதுதான் பாஸ் பயிற்சி. வாங்கும்போது கால்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தால் அந்த 3 அடியும் வீணாகாது.

எதிரணி தடுக்கத் திரும்புவதற்குள் விரைந்து தாக்கும் ஃபாஸ்ட் பிரேக்கில் பந்தை ஆளுக்கு எறியக் கூடாது, இடத்துக்கு எறிய வேண்டும். பந்தைப் பிடித்த கோல்கீப்பர் எறியும் கணத்தில், களத்தின் ஓரத்தில் ஆடும் விங் ஆட்டக்காரர் 13 மீட்டர் தள்ளி, விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று வைப்போம். பந்தின் வேகம் விநாடிக்கு 20 மீட்டர் என்றால் இரண்டும் சந்திப்பது 20வது மீட்டரில், சரியாக ஒரு விநாடி கழித்து. எறியும்போது அங்கே யாருமே இல்லை. ஆளுக்கு 7 மீட்டர் முன்னால் வெறும் தரைதான். அந்த வெறும் தரையை நம்பி எறிவதுதான் புதிய கோல்கீப்பர்களுக்குக் கஷ்டம். முதலில் அங்கே ஒரு கூம்பை வைத்து, ஓடுபவர் இல்லாமலே அதன் தலைக்கு மேல் பந்தை இறக்கச் சொல்லலாம். பத்துப் பந்து சரியாக விழுந்த பிறகு விங்கை ஓடவிட்டு, கூம்பை எடுத்துவிட வேண்டும்.