மாம்பழத் தோல் மஞ்சள் கருவுக்குள் போகும் வழி

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்குள் ஒரு டன் பெங்களூரா போனால், பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கூழாக வெளியே வரும். மீதி எல்லாம் தோல், கொட்டை, நார். பெங்களூரா என்பது நம் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காய்தான். வெளியூர்க்காரர்கள் தோத்தாபுரி என்பார்கள். ஜூன், ஜூலையில் காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் போகிறவர்களுக்கு அந்த மீதியின் வாசனை தெரிந்திருக்கும். முதல் நாள் பழ வாசனை. இரண்டாம் நாள் கள் வாசனை. மூன்றாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும்.

போச்சம்பள்ளிப் பக்கம் சிறிதாக முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் மாமா ஒருமுறை கேட்டார்: "மாடு இந்தத் தோலை அப்படி ஆசையாத் தின்னுதே, கோழிக்குப் போட்டா என்ன?" நல்ல கேள்வி. ஆனால் மாட்டை வைத்துக் கோழியைக் கணக்குப் போட முடியாது.

மாடு தின்ற தோல் முதலில் போய்ச் சேருவது பெரிய நொதிக்கும் தொட்டி போன்ற முதல் இரைப்பைக்கு. அங்கிருக்கும் நுண்ணுயிரிகள் நாரை உடைத்துக் கொடுத்த பிறகுதான் மாட்டின் சொந்தச் செரிமானம் தொடங்குகிறது. கோழிக்கு இந்த வரிசை தலைகீழ். தானியத்தை அரைத்து, செரித்து, சத்தை உறிஞ்சி முடித்த பிறகு, கடைசியில் இரண்டு குருட்டுக்குடல் பைகளில் மட்டும் கொஞ்சம் நொதித்தல் நடக்கும். நாரிலிருந்து அதற்குக் கிடைப்பது மிகக் குறைவு. அதோடு, முட்டையிடும் கோழி ஒரு நாளைக்குத் தின்பது சுமார் 110 கிராம் தீவனம். முட்டைக்கான புரதமும், ஓட்டுக்கான 4 கிராம் அளவு சுண்ணாம்புச் சத்தும் அந்த 110 கிராமுக்குள்ளேயே வந்தாக வேண்டும். ஈரத் தோலில் முக்கால் பங்கு தண்ணீர். அதைப் போட்டு வயிற்றை நிரப்பினால் கோழி தின்னும், ஆனால் முட்டை குறையும்.

ஆகவே கோழிக்கு மாம்பழத் தோல் சோறு கிடையாது, ஊறுகாய். நன்றாகக் காயவைத்துப் பொடியாக்கி, 100 கிலோ தீவனத்தில் 2 கிலோ கலப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 2 கிராம் சொச்சம் போகும். இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும்?

முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அதில் கணிசமான பகுதி, ஆக்சிஜன் பட்டால் எளிதில் கெடும் வகைக் கொழுப்பு. வீட்டில் கடலை எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிப்பது இதே காரணத்தால்தான். கெட்டுப்போன ஒரு கொழுப்பு மூலக்கூறு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அது அடுத்ததை. இந்தச் சங்கிலியை இடையில் அறுக்க ஒன்று வேண்டும். வைட்டமின் ஈ அதைச் செய்கிறது. மாந்தோலில் நிறைய இருக்கும் பாலிபீனால் என்ற தாவரப் பொருள்களும் செய்கின்றன. மாஞ்ஜிஃபெரின் என்பது அவற்றில் ஒன்று, பெயரே மாமரத்திலிருந்து வந்ததுதான். தங்கள் ஹைட்ரஜன் ஒன்றைத் தானமாகக் கொடுத்துச் சங்கிலியை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக நீளும் என்பதால், அதை அறுக்கச் சிறு அளவே போதும். தின்ற பாலிபீனால் எல்லாம் ரத்தத்தில் சேர்ந்துவிடாது. பெரும்பகுதி குடலிலேயே தங்கி அங்கே வேலை செய்கிறது. மிச்சமுள்ள சிறு பகுதியும், அதனால் செலவாகாமல் தப்பித்த வைட்டமின் ஈயும்தான் முட்டை வரை போய்ச் சேரும்.

தோலில் பெக்டினும் உண்டு, ஜாம் கெட்டிப்படக் காரணமான பொருள். இதைக் கோழியால் செரிக்க முடியாது. கரைந்த, நுண்ணிய துகள்கள் மட்டும்தான் குருட்டுக்குடலுக்குள் நுழையும் என்பதால் பெக்டின் அங்கே போய் நல்ல நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. அவை உண்டாக்கும் அமிலங்கள் குடல் சுவரை வலுப்படுத்தி, நோய்க் கிருமிகள் பெருகுவதைத் தடுக்கின்றன. வளர்ச்சிக்கென்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே நிறுத்திவிட்டது. இந்தியா 2019-இல் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தது. அதன் பிறகு இப்படிப்பட்ட பொருள்கள் மேல் எல்லோருடைய பார்வையும் திரும்பியிருக்கிறது. ஆனால் பெக்டின் அளவு மீறினால் குடலில் உள்ளதைக் கொழகொழவென்று ஆக்கும். செரிமானம் தடைபட்டு எச்சம் ஒட்டும் பதமாகப் போகும். எச்சம் பட்ட முட்டையை வாங்க யாருக்கும் மனம் வராது.

அப்புறம் நிறம். மாமா மனதில் இருந்தது உண்மையில் இதுதான். மாம்பழம் மஞ்சள், அதனால் கருவும் மஞ்சளாகும் என்று நினைத்தார். நான் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கோழியால் நிறமியைத் தானாக உண்டாக்க முடியாது, தின்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மாம்பழ மஞ்சளில் பெரும்பங்கு பீட்டா கரோட்டின். கோழியின் குடல் சுவர் அதை வெட்டி வைட்டமின் ஏ ஆக்கிவிடும், நிறம் போய்விடும். கருவில் அப்படியே படிவது லூட்டீன், சியாசாந்தின் என்ற நிறமிகள். மக்காச்சோளத்தில் இவை உண்டு. புல்லிலும் கீரையிலும் லூட்டீன் ஏராளம். மேய்ச்சல் நாட்டுக்கோழியின் முட்டை ஆழ்ந்த நிறத்தில் இருப்பதும், மக்காச்சோளத்துக்குப் பதில் குருணை போட்டால் பண்ணை முட்டை வெளுப்பதும் இதனால்தான். நிறம்தான் வேண்டுமென்றால் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் இரண்டிலும் விளையும் செண்டுமல்லி இருக்கிறது. அதன் இதழ் லூட்டீன் சுரங்கம். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளியின் சக்கையில் உள்ள லைக்கோபீனும் ஓரளவு கருவுக்குப் போய்ச் செம்மை கூட்டும்.

கொட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் பருப்பில் மாவுச் சத்தும் கொழுப்பும் உண்டு. அந்தக் கொழுப்பு கோகோ வெண்ணெயைப் போன்றது, சாக்லேட் தொழிலே அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் மாம்பருப்பைக் கடித்தவர்களுக்குத் தெரியும், நாக்கை இழுக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் டானின். நாக்கில் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வது போலவே கோழியின் வயிற்றில் தீவனத்திலுள்ள சோயாவின் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய புரதம் எச்சத்தோடு போகும். அளவு மீறினால் மஞ்சள் கருவில் திட்டுத்திட்டாகப் புள்ளிகளும் விழும். பருப்பை ஊறவைத்து அல்லது வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் டானின் நன்றாகக் குறையும். இந்த வேலைக்கு ஆள் இல்லாதவர்கள் கொட்டைப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

இத்தனையும் ஒரு இடத்தில் தீர்மானமாகிறது: உலர்த்தும் களத்தில். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 75 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோ தோலை 10 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் கையில் நிற்பது சுமார் 28 கிலோ. 72 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். அது மெதுவாக வெளியேறினால் பூஞ்சை முந்திக்கொள்ளும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கும். மஞ்சள் கருவுக்கான கொழுப்பு ஈரலில்தான் தயாராகிறது என்பதால், ஈரல் கெட்டால் முட்டையும் போச்சு. சரி, சுள்ளென்ற வெயிலில் போட்டுவிடலாம் என்றால், நாம் எதற்காகத் தோலைச் சேர்க்கிறோமோ அந்தப் பாலிபீனாலும் கரோட்டினும் வெளிச்சத்தில் அழியத் தொடங்கும். மாங்கூழ் காலத்தில் பாதி நாள் வானம் வேறு மூடியிருக்கும். ஆலையிலிருந்து வந்த அன்றே துண்டாக்கி, பிழிந்து நீரைக் குறைத்து, காற்றோட்டமுள்ள நிழல் கூரையின் கீழோ சூரிய உலர்த்தியிலோ மெல்லிசாகப் பரப்புவதுதான் இரண்டுக்கும் நடுவழி. கள் வாசனை வந்த தோலை அதில் சேர்க்கவே கூடாது. கழுவாத தோலும் வேண்டாம். தத்துப்பூச்சிக்கு அடித்த மருந்து தோலில்தான் தங்கும். கொழுப்பில் கரையும் மருந்தாக இருந்தால் அது போய்ச் சேரும் இடமும் மஞ்சள் கருதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. ஏப்ரல், மே வெயிலில் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். அப்போது உடலில் ஆக்சிஜன் சேதம் கூடும். தோல் பொடி அதிகம் உதவக்கூடிய காலம் அது. ஆனால் தோல் கிடைப்பது ஜூனில். பத்து மாதம் வைத்திருக்க வேண்டும் என்றால் ஈரமும் வெளிச்சமும் புகாத பையில், குளுமையான அறையில் வைக்க வேண்டும். அப்படியும் வீரியம் கொஞ்சம் குறையும். இரைக்கும் கோழியின் ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்து ஓடு மெலிவதை இந்தப் பொடி சரிசெய்யாது. அதற்குக் கொட்டகையில் காற்றும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும்.

மாமா இப்போது ஒரே வயதுக் கோழிகள் இருக்கும் இரண்டு கூண்டு வரிசைகளை ஒதுக்கியிருக்கிறார். ஒன்றுக்குப் பொடி, ஒன்றுக்கு வழக்கமான தீவனம். மூன்றாம் நாளே ஒரு முட்டையை உடைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார், ஒரு வித்தியாசமும் இல்லை என்று. மஞ்சள் கரு வெங்காயம் போல அடுக்கடுக்காக வளர்வது. கடைசிப் பத்து நாளில்தான் வேகமாகப் பருக்கும். இன்று இட்ட முட்டையின் கருவில் போன வாரத் தீவனமும் இருக்கிறது. இருபதாம் நாள் இரண்டு வரிசையிலிருந்தும் பத்துப் பத்து முட்டை எடுத்து, பாதியை அன்றே உடைக்கவும், மீதியை இரண்டு வாரம் வெளியே வைத்து உடைக்கவும் சொல்லியிருக்கிறேன். பழைய முட்டைகளின் வாடையை அத்தை முகர்ந்து சொல்வார். எந்த வரிசை என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.