காலி மூட்டைகளை எண்ணுங்கள்

ப்ரீகாஸ்ட் முறையில், அதாவது தூண், பீம்களை முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தி, சென்னை பெரும்பாக்கத்தில் கட்டிய மத்திய அரசின் லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டத்தின் 1,152 வீடுகள் 2022-இல் திறக்கப்பட்டதிலிருந்து, ப்ரீகாஸ்ட் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சார், அந்தத் தூண் ஸ்ட்ராங்கா இருக்குமா?"

இருக்கும். இரும்பு அச்சில் படுக்க வைத்து, வைப்ரேட்டர் போட்டு, ஒழுங்காக நீராற்றி எடுக்கும் தூணில் தேன்கூடு, அதாவது கான்கிரீட்டுக்குள் ஓட்டை ஓட்டையான இடைவெளி, விழுவது அபூர்வம். பத்தடி உயரத்திலிருந்து பாண்டு பாண்டாகக் கொட்டி நம் தெருவில் வார்க்கிற தூணோடு வைத்துப் பார்த்தால் அது தங்கம். நான் பயப்படுவது அதன் தலையையும் காலையும், அதாவது பீமோடும் அஸ்திவாரத்தோடும் அது சேரும் இடங்களைப் பார்த்துத்தான்.

தலைக்கு இத்தாலியைச் சொல்லலாம். 2012 மே மாதம் எமிலியா பகுதியில் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள். முதலாவது 20-ஆம் தேதி, ஞாயிறு அதிகாலை. அடுத்தது 29-ஆம் தேதி காலை 9 மணிக்கு, ஆலைகளில் ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். மிரண்டோலா, மெதொல்லா பக்கத்து ஆலைக் கூரைகள் அவர்கள் மேலேயே விழுந்தன. பல ஆலைகளில் தூண் அப்படியே நின்றது; அதன் மேல் உட்கார்ந்திருந்த பீம்தான் நழுவி இறங்கியது. இரண்டையும் பிணைக்க ஒரு கம்பிகூடப் போடாமல், பீமின் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள். 2003-க்கு முன் அந்த வட்டாரத்தை நிலநடுக்கப் பகுதியாக யாரும் வகைப்படுத்தவில்லை, அதனால் அப்படிக் கட்டுவது அங்கே வழக்கமாகவே இருந்தது. "நம்ம ஊருக்கு அதெல்லாம் வராது சார்" என்பவர்களுக்கு ஒரு தகவல்: நிலநடுக்கத்துக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் சென்னை மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி.

காலடிக்கு வருகிறேன். அஸ்திவாரத்திலிருந்து நீட்டி நிற்கும் டோவல் கம்பிகள், தூணின் அடியில் பதித்த இரும்புக் குழல்களுக்குள் நுழையும். ஸ்லீவ் என்பது இந்தக் குழலைத்தான். ஹவாயைச் சேர்ந்த ஆல்ஃபிரட் யீ என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. சாதாரணத் தூணில் கம்பியோடு கம்பி லேப் போட, அதாவது பக்கத்தில் பக்கமாக ஒட்டி இணைக்க, கம்பி விட்டத்தைப் போல நாற்பது ஐம்பது மடங்கு நீளம் விடுகிறோம். ஸ்லீவுக்குள் ஏழெட்டு மடங்கிலேயே காரியம் முடிகிறது, 25 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 200 மி.மீ. உள்ளே நிரம்பும் கிரவுட்டின், அதாவது தண்ணீரில் கலக்கிச் செலுத்தும் சிமெண்ட் கலவையின், பலத்தை நம்பித்தான் இந்தக் கணக்கு. அதில் 50 மி.மீ. வெற்றிடம் விழுந்தால் பிடிமானத்தில் கால் பங்கு போயிற்று. வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிடங்கு வேலை. 18 தூண்கள், ஒவ்வொன்றிலும் எட்டு ஸ்லீவ். நான் போனபோது கிரவுட்டிங் முடிந்து, ஓட்டைகளையெல்லாம் அழகாகப் பூசி மூடியிருந்தார்கள். ரெஜிஸ்டரில் டிக் போட்டுக் கையெழுத்தும் ஆகியிருந்தது. ஸ்டோர் பக்கம் காலி கிரவுட் மூட்டைகள் கிடந்தன. சும்மா எண்ணினேன். பதினொன்று.

ஸ்லீவும், தூணுக்கு அடியில் அஸ்திவாரத்தோடு விடும் இடைவெளியும் சேர்த்தால் ஒரு தூணுக்குப் பத்துப் பதினோரு லிட்டர் பிடிக்கும். 25 கிலோ மூட்டையைக் கலக்கினால் கிடைப்பது பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர். சிந்துவதைச் சேர்த்தால் தூணுக்கு ஒரு மூட்டை. மீதி ஏழு மூட்டை எங்கே?

மேஸ்திரி ஒளிக்காமல் சொன்னார்: "பம்பு அடைச்சுக்கிச்சு சார், அதான் மேல் ஓட்டை வழியா ஊத்திட்டோம்." கீழ் ஓட்டையில் செலுத்தி, மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழியும்வரை நிறுத்தாமல் இருக்க வேண்டிய வேலை இது. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பம்பு ஏன் அடைத்தது என்றால், மே மாத வெயிலில் ஒரே நேரத்தில் நாலு மூட்டையைக் கலக்கி வைத்திருக்கிறார்கள். அரை மணிக்குள் தீர்க்க வேண்டிய சரக்கு அது. அந்தச் சூட்டில் அதுவரைகூடத் தாங்காது. அவரை நான் திட்டவில்லை. கிரவுட்டிங் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் காட்டித் தரவே இல்லை.

இன்னொரு தூணில் டோவல் கம்பி ஸ்லீவுக்கு நேராக வரவில்லை. கட்டர் வைத்து அறுத்துவிடலாமா என்று கேட்டார்கள். கேட்டார்களே, அதுவே பெரிய விஷயம். கேட்காமல் அறுத்த சைட்டுகளையும் பார்த்திருக்கிறேன். அஸ்திவாரம் வார்க்கும்போதே ஓட்டை போட்ட இரும்புத் தகடு வைத்துக் கம்பிகளைப் பிடித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அப்புறம், தூண்களின் ப்ராப்பை, அதாவது தற்காலிக முட்டுகளை, கழற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். எண்டோஸ்கோப் கேமராவை விட்டு 144 ஸ்லீவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குறை இருந்தவற்றில் மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, கீழிருந்து மறுபடி நிரப்பினோம். ஒன்பது நாள் பீம் ஏற்றவில்லை. அந்த ஒன்பது நாளும் உரிமையாளர் போன் செய்து கேட்டது கிரேன் வாடகையைப் பற்றி மட்டும்தான்.