ஒரு பக்கத்துக்கு ஒரு முளை

தொண்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயிற்றிலுள்ள குழந்தையின் இடப்பக்கச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சிறுநீர் நாளங்கள் இறங்குவதாக ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்ததாம். நான்காம் மாதத்தில் கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதால், தேவிபட்டினம் சென்று நவபாஷாணத்தில் பரிகாரம் செய்ய வேண்டுமா என்று கேட்கிறார். கடலில் நிற்கும் அந்த ஒன்பது கற்களை வணங்குவது அவரவர் நம்பிக்கை. ஆனால் தாயின் மீது பழி சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த அமைப்பு தீர்மானமாவது கரு உருவான ஐந்தாவது வாரத்தை ஒட்டி. அந்தக் கிரகணம் வருவதற்கு வெகு முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த வாரத்தில் நடப்பதை நமக்குக் காட்டியவை சுண்டெலிகள். பத்தரை நாள் வயதான சுண்டெலிக் கருவில், உடலின் இரு பக்கமும் உல்ஃபியன் நாளம் என்ற மெல்லிய குழாய் ஓடுகிறது. அதன் பின்முனைக்கு அருகே திரண்டிருக்கும் செல்கள் ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. நாளத்தின் செல்களிலுள்ள ரெட் என்ற ஏற்பி அதை உணர்ந்ததும், நாளத்திலிருந்து ஒரு முளை கிளம்புகிறது. மன்னார் வளைகுடாவின் மான்கொம்புப் பவளத்தைப் போல அந்த முளை கிளைத்துக்கொண்டே போய்ச் சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களாகிறது; காம்பு சிறுநீர் நாளமாகிறது. ஜி.டி.என்.எஃப். மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் சிறுநீரகமே இல்லாமல் பிறந்து விரைவில் இறந்துபோவதை 1996-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின.

முளை எப்படிக் கிளம்புகிறது என்பதைவிட, ஏன் ஒன்றோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என்னை நெடுநாளாக ஈர்த்துவரும் கேள்வி. நாளத்தின் செல்களுக்குள் ஸ்ப்ரௌட்டி1 என்ற புரதம் கடிவாளம் போல இருந்து, ரெட் எழுப்பும் கிளர்ச்சியை அடக்கி வைக்கிறது. அந்த மரபணுவை நீக்கினால், சிறு தூண்டலுக்கும் நாளம் பல இடங்களில் முளைவிட்டு, பல சிறுநீர் நாளங்களும் ஒன்றோடொன்று ஒட்டிய சிறுநீரகங்களும் உண்டாகின்றன என்று 2005-இல் தெரியவந்தது. அதே சுண்டெலிகளில் ஜி.டி.என்.எஃப். மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றையும் நீக்கியபோது, ஒரு பக்கத்துக்கு ஒரு முளை என்ற பழைய ஒழுங்கு திரும்பியது. கடிவாளம் போன குதிரைக்குத் தீனியைக் குறைத்ததும் அது நிதானத்துக்கு வந்தது போன்ற செயல் அது. 2010-இல் வந்த முடிவு இன்னும் வியப்பானது: ஸ்ப்ரௌட்டி1, ஜி.டி.என்.எஃப். ஆகிய இரு மரபணுக்களையும் முற்றிலுமாக நீக்கிய சுண்டெலிகளிலும் சிறுநீரகம் உருவானது. எஃப்.ஜி.எஃப்.10 என்ற வேறொரு புரதம், வழக்கமாக அடங்கிக் கிடப்பது, அங்கே தூண்டும் வேலையை ஏற்றுக்கொண்டது.

ஸ்ப்ரௌட்டி முதலில் சிக்கியது 1998-இல், பழ ஈயின் மூச்சுக்குழல்கள் எப்படிக் கிளைக்கின்றன என்று ஆராய்ந்தவர்களிடம். முளைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஈயையும் எலியையும் ஆராய மக்கள் வரிப்பணமா என்று கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அந்தப் பணம் குறைவாகவே கிடைக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

முளை இரண்டாகக் கிளம்புவதைப் போலவே, அது இடம் மாறிக் கிளம்புவதும் தொல்லை தரும். அப்போது சிறுநீர் நாளம் சிறுநீர்ப்பையில் சேரும் இடமும் விலகி, அங்கே வால்வு போன்ற அமைப்பு சரியாக அமையாமல், சிறுநீர் மேல்நோக்கித் திரும்பக்கூடும். முளைக்கும் இடத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரோபோ2 என்ற மரபணுவின் மாற்றங்கள், இந்தக் கோளாறுள்ள சில மனிதக் குடும்பங்களிலும் 2007-இல் கண்டறியப்பட்டன.

வாசகிக்கு இன்னொரு குழப்பமும் இருக்கிறது: மரபணு உடல் முழுவதும் ஒன்றுதானே, பிறகு ஏன் இடப்பக்கம் மட்டும்? ஜி.டி.என்.எஃப். மரபணு ஒரு பிரதி மட்டுமே உள்ள சுண்டெலிகளில் சிலவற்றுக்கு இரு சிறுநீரகங்களும், சிலவற்றுக்கு ஒன்று மட்டுமே உருவாகின்றன. தூண்டலின் அளவு விளிம்பில் நிற்கும்போது, ஒரு பக்கம் தேறுவதையும் மறுபக்கம் தவறுவதையும் சிறு தற்செயல் வேறுபாடுகளே தீர்மானித்துவிடுகின்றன. இரட்டைச் சிறுநீர் நாளத்தோடு பிறப்பவர்களில் பலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். பிறந்தபின் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும், காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் உடனே சிறுநீரைப் பரிசோதிப்பதும் அவசியம்.